கடைசியாகத் தொட்டவர்

அந்தம்மா யாருக்கும் முதலில் வணக்கம் சொல்லி நான் பார்த்ததில்லை. கெட்டுப்போன பொருளோடு ஒருவர் எதிரே வந்து நின்றால் நேராக அந்தக் கேள்விதான்.

"கடைசியா எதைத் தொட்டீங்க?"

"நான் எதையுமே தொடலீங்க. அதுவா நின்னு போச்சு."

"அதுவா எதுவும் கெடாதுங்க. அதுவா எதுவும் சரியாவும் ஆகாதுங்க. மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க, நான் இங்கதான் இருக்கேன்."

சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அப்புறம் ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த மௌனத்தில் எப்பேர்ப்பட்டவரும் உண்மையைக் கக்கிவிடுவார்கள். எங்கள் கல்லூரி முதல்வரே கக்கியிருக்கிறார். அவருடைய கீபோர்டு வேலை செய்யவில்லை. ஜன்னல் வழியாக மழைச்சாரல் அடித்திருக்கும் என்றார். அது சித்திரை மாதம். அந்தம்மா ஜன்னலைப் பார்த்தார், முதல்வரைப் பார்த்தார், பிறகு கீபோர்டைக் கவிழ்த்து மேசைமேல் ஒரு தட்டு தட்டினார்.

"மழையில கறிவேப்பிலை விழுமுங்களா சார்?"

மோர் என்று முதல்வர் ஒப்புக்கொண்டார்.

தருமபுரியில் நான் இயற்பியல் துறைத் தலைவராக இருந்த கல்லூரியில் அவர் கணினி ஆய்வகத்தின் லேப் அசிஸ்டென்ட். பெயரை எழுதும் உரிமையை நான் இழந்துவிட்டதாக நினைக்கிறேன். எப்படியும் அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதல்வரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் லேப்பம்மா. குள்ளமான உருவம். முக்காடு நழுவாமலிருக்கக் காதுக்கு மேலே ஓர் ஊக்கு குத்தியிருப்பார். அந்த ஊக்கால்தான் கீபோர்டின் அழுக்கை எடுப்பார், ஒயர் முனையில் வளைந்த பின்னை நிமிர்த்துவார், மதியம் மாதுளம்பழத்தையும் உதிர்ப்பார்.

வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் தையல்கடை. பாய் என்று கூப்பிடுவோம். பாய் ஒருமுறை என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "காய்ச்சல்னு படுத்தா நெத்தியத் தொட்டுப் பாக்க மாட்டாங்க சார். 'கடைசியா என்ன சாப்ட்டீங்க'ம்பாங்க. கஞ்சின்னு சொல்லுவேன். 'அதுக்கு முன்னால?' ரொட்டின்னு சொல்லுவேன். 'அதுக்கும் முன்னால?' மூணாவது கேள்வியில எனக்கே தெரியாம பானிபூரி வெளிய வந்துருது."

தொப்பூர் கணவாயில் பஸ் நின்றுபோன கதையும் உண்டு. நானும் அதில் இருந்தேன். டிரைவர் பானெட்டைத் திறந்து முறைத்துக்கொண்டிருந்தார். அந்தம்மா இறங்கிப் போய்க் கேட்டார்.

"கடைசியா எதைத் தொட்டீங்க?"

"ஏம்மா, நீ என்ன மெக்கானிக்கா?"

"லேப்புங்க."

டிரைவருக்கு அது என்னவென்று புரியவில்லை. புரியாததால் பயந்துவிட்டார். காலையில் வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்ட ஒரு கம்பியை உள்ளே செருகி முறுக்கியதாகச் சொன்னார். அந்தக் கம்பி ஒரு குழாயைப் பிறாண்டிக் கிழித்திருந்தது. திருஷ்டி கழிக்கக் கட்டிய பழத்தால் நாற்பது பேர் ரோட்டில் நின்றோம்.

ஆய்வகத்தில் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பாய் கடையில் துணி மூட்டையில் கட்டுகிற அட்டைகள் இருக்குமே, மூலையில் ஓட்டை போட்டு நூல் கோத்தது, அதில் ஒரு கட்டு எப்போதும் மேசை டிராயரில் இருக்கும். ஒவ்வொன்றிலும் மூன்று வரி எழுதி வைத்திருப்பார். நோய். கடைசியாகத் தொட்டவர். தொட்டது எதை. பழுதான கம்ப்யூட்டரில் அதைப் பூர்த்தி செய்து கட்டிவிடுவார். சரியான பிறகும் ஒரு வாரம் தொங்கவேண்டும். "திட்டுறதுக்கு இல்லீங்க. அடுத்தவங்க அதையே தொடாம இருக்கோணுமில்ல, அதுக்கு" என்பார். முதல்வரின் மேசையிலும் 'மோர்' என்று ஒரு வாரம் தொங்கியது.

இதுவரை எழுதியது சுலபம்.

ஓய்வு பெற்ற பிறகு நான் பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டேன். பழைய லேப்டாப் ஒன்றில் அந்தம்மாதான் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். அதியமான்கோட்டைப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்களிடமெல்லாம் போய், எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, எத்தனை அடியில் பாறை என்று நோட்டுப் போட்டு எழுதினேன். அதை முப்பரிமாணப் படமாக்குவது என் திட்டம். ஒவ்வொரு கிணறும் பூமிக்குள் இறங்கும் ஒரு நீலக் குச்சி. சுட்டியால் இழுத்தால் நிலமே திரும்பும், அடியிலிருந்தும் பார்க்கலாம். அதற்கென்று பைத்தானில் ஆயத்த நிரல்களின் நூலகம் ஒன்று இருக்கிறது. ஆறு மாதம் பாடுபட்டேன். ஊர்க்காரர்கள் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை அந்தம்மா வீட்டுக்கு வந்து, திரைக்கான டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்துக் கொடுத்து, படத்தை நாலு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நன்றாக வந்தது. திருப்பும்போது மட்டும் லேசாக நடுங்கியது. "நடுங்கட்டுங்க சார், தண்ணி மாதிரியே இருக்குது. இனிமே கூட்டம் முடியற வரைக்கும் எதையும் தொடாதீங்க" என்றார்.

காலையில் தொட்டேன். இணையத்தில் ஒரு பக்கத்தில் எவரோ, நடுக்கம் போக இந்த வரியைச் சேருங்கள் என்று எழுதியிருந்தார். எந்தக் காலத்து இயந்திரத்துக்கு எழுதியதோ! பொருள் தெரியாமலேயே அதை அப்படியே எடுத்து, டெர்மினல் என்கிற கட்டளைச் சன்னலைத் திறக்கும்போதெல்லாம் படிக்கப்படும் ஒரு மறைவான கோப்பின் கடைசியில் ஒட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. முப்பது வருடம் பரீட்சை ஹாலில் காப்பியடித்தவர்களைப் பிடித்தவன் நான்.

கூடத்தில் அறுபது பேர் இருந்தார்கள். நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். புரொஜெக்டரை அந்தம்மா ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்து பொருத்தினார். டெர்மினலைத் திறந்து நிரலை ஓட்டினேன். ஒரு கறுப்புச் சன்னல் வந்தது. மறுகணம் அதுவும் போய், சிவப்பு எழுத்தில் இருபது வரிப் பிழை வந்தது. கான்டெக்ஸ்டை உருவாக்க முடியவில்லை என்பது அதன் சாரம். படம் வரைவதற்கு முன்னால் நிரல், திரையை ஆளும் சில்லிடம் தனக்கென்று ஓர் இடம் கேட்கும். அதற்குத்தான் கான்டெக்ஸ்ட் என்று பெயர். அது கிடைக்காவிட்டால் கிணறும் இல்லை, குச்சியும் இல்லை.

மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் அதேதான். அந்த நேரத்தில் ஓர் ஆடு உள்ளே வந்து மைக் ஒயரை நக்கியது. முன்வரிசையில் இருந்த மாதையன் என்ற விவசாயி சொன்னார், "சார், அந்த எடத்துல தண்ணி இல்லீங்க போல. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டுப் பாருங்க."

கூடமே சிரித்தது. என் காது சூடானது. நான் மைக்கை எடுத்துச் சொன்னது இது:

"என் புரோகிராம்ல ஒண்ணும் இல்ல. நேத்து லேப்பம்மா என்னமோ அப்டேட் பண்ணினாங்க. அதுக்கப்புறம் யாருமே தொடல."

அந்தம்மா புரொஜெக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். யோசித்தார். அவருடைய சொந்த விதிப்படி, கடைசியாகத் தொட்டவர் அவர்தான்.

அன்று மத்தியானமே வீட்டில் எனக்கு விளங்கிவிட்டது. அந்த வரியின் பொருளைத் தேடிப் படித்தேன். படம் வரையும் கட்டளைகள் நேர்வழியை விட்டு எப்போதும் சுற்றுவழியில் போகவேண்டும் என்று அது சொல்கிறது. புது லினக்ஸில் அந்தச் சுற்றுவழியையே அடைத்துவிட்டார்கள். வரியை அழித்தேன். படம் வந்தது. மறுநாள் அந்தம்மா காலையிலேயே பையோடு வந்து நின்றார்.

"இப்ப நல்லா வருதும்மா. தானா சரியாயிடுச்சு" என்றேன்.

"அதுவா எதுவும் சரியாகாதுங்களே சார்" என்றார். குரல் கெஞ்சுவது போல இருந்தது. நான் காபி குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் செய்ததைத் தருமபுரி மாவட்டத்தில் வேறு எவரும் செய்திருக்கமாட்டார்கள். பிழையை வரவழைப்பதற்காகக் கூட்டத்தை மறுபடி நடத்தினார். அதே கூடம், அதே பிளக், அதே புரொஜெக்டர். ஊர்க்காரர்களை வீடு வீடாகப் போய்க் கூட்டி வந்து, அன்றைக்கு எங்கே உட்கார்ந்தார்களோ அங்கேயே உட்காரச் சொன்னார். என்னை வெள்ளைச் சட்டையில் வரச் சொல்லியிருந்தார்.

"நீங்க சுவிட்சு போர்டு பக்கமில்லீங்களா ஒக்காந்திருந்தீங்க?" என்று மாதையனை எழுப்பினார்.

"அங்க காத்து வரலீங்கம்மா."

"அன்னிக்கு மட்டும் வந்துச்சுங்களா? போங்க, ஒக்காருங்க. ஆடு எங்கீங்க?"

"ஆடுமா வேணும்?"

"ஒயரை நக்குச்சில்லீங்க. அதுவும் தொட்டதுதானே."

ஆளனுப்பி ஆட்டைக் கொண்டுவந்தார்கள். மாதையன் எட்டிப் பார்த்தார். "அன்னிக்கு வந்தது வெள்ளாடுங்கம்மா. இது செம்மறி."

அந்தம்மா கொஞ்ச நேரம் யோசித்து, நோட்டில் 'ஆடு (வேறு)' என்று எழுதிக்கொண்டார். ஆட்டுக்காரர் கூடத்து வாசலில் கையைக் கட்டிக்கொண்டு, கோர்ட்டில் நிற்பவரைப் போல நின்றிருந்தார்.

நான் நிரலை ஓட்டினேன். நீலக் குச்சிகள் சுவர் முழுக்க நின்றன. நிலம் திரும்பியது. தங்கள் தங்கள் கிணற்றைத் தேடி எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். "அதா, எங்க வூட்டுக் கெணறு!" என்று ஒருவர் சுவரைத் தடவிக் காட்டினார். கை தட்டினார்கள். ஆடு ஒயரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தனை சந்தோஷத்துக்கு நடுவில் அந்தம்மா ஒருவர் மட்டும் இழவு வீட்டுக்கு வந்தவர் போல நின்றார். பிறகு என்னிடம் வந்து எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. அன்னிக்குக் காலையில நீங்க எதையாச்சும் தொட்டீங்களா?"

ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தால் கக்கியிருப்பேன். அவர் காத்திருக்கவில்லை. துறைத் தலைவராக இருந்த ஆளைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று கேட்டவுடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"இல்லம்மா" என்றேன்.

அடுத்த நாள் ஆய்வகத்தில் அவருடைய மேசை விளக்கில் ஓர் அட்டை தொங்கியது. நோய்: படம் வரவில்லை. கடைசியாகத் தொட்டவர்: லேப். தொட்டது எதை: தெரியவில்லை.

ஒரு வாரத்தில் அவிழ்த்துவிடுவார் என்று நினைத்தேன். அவிழ்க்கவில்லை. ஒருமுறை நானே மெதுவாகக் கேட்டேன். "காரணம் தெரிஞ்சாத்தான் சார் ஒரு வாரம். தெரியலன்னா தெரியற வரைக்கும்" என்றார். ஐந்து வருடம் தொங்கியது. நூல் அறுந்து இரண்டு முறை புது நூல் கோத்தார். நிறம் மட்டும் மாறியது. பாய் கடையில் அந்தந்தப் பண்டிகைக்கு என்ன நூல் மீந்ததோ அது.

அதோடு ஒரு புதுப் பழக்கமும் வந்தது. எதைச் சரிசெய்தாலும் உடனே எழுந்து போகமாட்டார். அந்த இயந்திரத்தின் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். "வேலை முடிஞ்சுதேம்மா" என்று சொன்னால், "நான் போனதுக்கப்புறம் நின்னுருச்சுன்னா?" என்பார். முதல்வர் அறையில் பிரிண்டரைச் சரிசெய்துவிட்டு அப்படி உட்கார்ந்தபோது, அவசரக் கூட்டத்துக்கு வந்த பேராசிரியர்கள் எல்லோரும் அவரைச் சுற்றி உட்கார்ந்து பேச, அதைக் கேட்டபடி அவர் பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஊரெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன். அதை எழுதாமல் விட்டால் இந்த எழுத்துக்கு அர்த்தமில்லை.

போன மாதம் அவருக்குப் பிரிவுபசார விழா. பழைய ஆள் என்று என்னை மேடையில் உட்கார வைத்தார்கள். அந்தம்மா இரண்டு நிமிடம்தான் பேசினார்.

"இந்த லேப்புல கெட்ட எல்லாத்துக்கும் காரணம் கண்டுபிடிச்சிட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அன்னிக்கு சாருக்கு நாலு பேரு முன்னால தலைகுனிவு ஆயிருச்சு. என்ன தொட்டேன்னு எனக்கு இன்னும் தெரியல. சார் இங்கதான் இருக்காங்க. மன்னிச்சுக்கங்க சார்."

கை தட்டினார்கள். என்னைப் பார்த்துத் தட்டினார்கள். நான் பெருந்தன்மையாக ஒரு கையைத் தூக்கி, பரவாயில்லை என்பது போல ஆட்டினேன். அந்தக் கை ஆடியதை நினைத்தால் இப்போதும் அதை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது. விழா முடிந்ததும் அவர் ஆய்வகத்துக்குப் போய், மேசை விளக்கிலிருந்த அட்டையை அவிழ்த்து, டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். வீட்டில் தொங்கவிடப் போகிறார்!

ஒரு வாரம் தாக்குப்பிடித்தேன். பிறகு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் அவர் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் பாய் கழுத்தில் டேப்போடு தைத்துக்கொண்டிருந்தார். அந்தம்மா சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். அட்டை தையல் மிஷின் விளக்கில் தொங்கியது.

"அன்னிக்குக் காலையில தொட்டது நான்தாம்மா" என்றேன்.

மிஷின் நின்றது. அந்தம்மா நிமிர்ந்தார். கோபப்படுவார், அழுவார் என்று எதையெதையோ எதிர்பார்த்து வந்திருந்தேன்.

"எந்த ஃபைல்?" என்றார்.

சொன்னேன்.

"எத்தனாவது வரி?"

"கடைசி வரி."

"வரவழச்சுக் காட்டுங்க."

ஒரு துணிக்கட்டின்மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தேன். படம் சரியாக வருவதை முதலில் ஓட்டிக் காட்டினேன். கோப்பில் அந்த வரியைச் சேர்த்தேன். மறுபடி ஓட்டினேன். நீலக் குச்சிகள் அழகாக வந்து நின்றன.

"வரலீங்களே" என்றார் அந்தம்மா.

வரியில் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். ஓட்டினேன். நிலம் ஆனந்தமாகத் திரும்பியது. எனக்கு வேர்த்துவிட்டது.

பாய்க்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "விடும்மா, சார் பண்ணியிருக்க மாட்டாரு. பெரிய மனுசன், உன் மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு பழியத் தன் மேல போட்டுக்கறாரு."

"இல்ல பாய், நான்தான் பண்ணினேன்!"

"எனக்கோசரம் சொல்றீங்களா சார்?" என்றார் அந்தம்மா. கண்ணில் பழைய மரியாதை மறுபடி வரத் தொடங்கியது. அதுதான் தாங்க முடியவில்லை.

"சத்தியமா நான்தாம்மா. காப்பியடிச்சேன். ஒட்டினேன். அன்னிக்கு மத்தியானமே தெரிஞ்சுது. அழிச்சுட்டேன். கூட்டத்துல உங்க மேல சொன்னது பொய். தானா சரியாச்சுன்னது பொய். எதையும் தொடலன்னது பொய்."

அந்தம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அப்புறம், "புது டெர்மினல் திறங்க சார்" என்றார். "அந்த ஃபைலை அது தெறக்கறப்பத்தான் படிக்கும். ஏற்கெனவே தெறந்திருக்கறதுக்கு நீங்க எழுதினது எப்படித் தெரியும்?"

புதிதாக ஒன்றைத் திறந்து ஓட்டினேன். கறுப்புச் சன்னல் வந்தது. போனது. சிவப்பு எழுத்தில் இருபது வரி.

அந்தம்மா முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒன்று விடாமல் வாய்விட்டுப் படித்தார். பிறகு திரும்பி, வெளியூரிலிருந்து யாரோ சொந்தக்காரர் வந்துவிட்டது போலச் சொன்னார்.

"ஏங்க, வந்துருச்சுங்க!"

"டீ சொல்லட்டுமா?" என்றார் பாய், குழம்பிப்போய்.

டீ வந்தது. எனக்கும் கொடுத்தார்கள். குடித்து முடிக்கும்வரை அந்தம்மா என்னைப் பார்க்கவில்லை. "அஞ்சு வருசம் சார்" என்றார் டம்ளரை வைத்துவிட்டு. "அடுப்புல கேஸை அடச்சிட்டு வந்தாக்கூடத் திரும்பிப் போயிப் பாப்பேன். என் கையையே எனக்கு நம்பிக்கை இல்லாமப் போச்சு." அவ்வளவுதான் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

அந்தம்மா எழுந்து போய் விளக்கிலிருந்த அட்டையை அவிழ்த்தார். ஊக்கைக் கழற்றி, புது அட்டை ஒன்றில் கோணலாயிருந்த ஓட்டையைச் சரிசெய்து, அதையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார்.

"நீங்களே எழுதுங்க சார். முழுப் பேரு. படிச்ச படிப்பும்."

எழுதினேன். லேப்டாப்பில் கட்டப் போனேன்.

"அது உங்க வூட்டுக்குள்ள இருக்கும். யாருங்க பாப்பாங்க? வண்டியில கட்டுங்க. காரணம் தெரிஞ்சுருச்சு, அதனால ஒரு வாரந்தான்."

ஸ்கூட்டரின் ஹேண்டில்பாரில் சிவப்பு நூலில் அது தொங்குகிறது. பெட்ரோல் போடுகிற பையன் படித்துவிட்டான். மருந்துக்கடைக்காரர் படித்துவிட்டார். நேற்று ஹைவேயில் டீக்கடை முன்னால் மாதையன் குனிந்து, எழுத்துக்கூட்டி வாய்விட்டே படித்தார். நோய்: படம் வரவில்லை. கடைசியாகத் தொட்டவர் என்ற இடத்தில் என் முழுப் பெயர், எம்.எஸ்சி., எம்.ஃபில். தொட்டது எதை: காப்பியடித்த ஒரு வரி.

"அப்ப அன்னிக்கு லேப்பம்மா மேல சொன்னதுங்க சார்?"

"பொய், மாதையன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப ஆடு?"

"ஆட்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"அதைப் போயி ஆட்டுக்காரன்கிட்டச் சொல்லுங்க. அஞ்சு வருசமா அவன் எந்தக் கூட்டத்துக்கும் வரதில்லீங்க."

சாயங்காலம் பாய் போன் செய்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று பயந்தேன். பக்கத்து வீட்டு மிக்ஸி நின்றுபோய் அந்தம்மா போனார்களாம். சரிசெய்து, ஒரு சுற்று ஓடவிட்டு, உடனே எழுந்து வந்துவிட்டார்களாம். "ஒரு மணி நேரம் ஆகும்னு நான் சோறு கூட வெக்கல சார்" என்றார் பாய்.

அட்டைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் ஆட்டுக்காரரைப் பார்க்கவேண்டும். வண்டியில்தான் போகவேண்டும்.